தலைக்காயமும் மருத்துவரை நாடும் நேரமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தலையில் ஒருமுறையேனும் அடிபடாமல் வளர்ந்தவர் அரிது. தவழும் பருவத்தில் கட்டிலிலிருந்து உருண்டு விழுவது, தாழ்வான நிலைவாசலில் இடித்துக்கொள்வது, குளியலறையில் வழுக்கி விழுவது, இருசக்கர வண்டியிலிருந்து சரிவது என அடிபடும் வழிகள் பல. இவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு புடைப்போடும் ஓரிரு நாள் வலியோடும் ஆறிவிடுகின்றன. மிகச் சிலவற்றில் மட்டும் மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

இந்த இரு வகைக் காயங்களும் முதல் சில நிமிடங்களில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அடிபட்டவர் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு, 'ஒன்றுமில்லை' என்று சொல்லி நடந்து போகலாம். சில மணி நேரம் கழித்து அவரே நினைவிழந்து கிடக்கலாம். ஆகவே 'யாரை, எப்போது மருத்துவரிடம் கொண்டு செல்வது?' என்ற கேள்வி மருத்துவ வரலாற்றின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாக இருந்துவருகிறது. அதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்தது கடந்த ஐம்பது ஆண்டுகளில்தான்.

மண்டை ஓட்டுக்குள் நடப்பது என்ன?

வரலாற்றைப் புரிந்துகொள்ள உடற்கூறு சிறிது தெரிந்திருக்க வேண்டும். வளர்ந்த மனிதரின் மண்டை ஓடு விரிந்துகொடுக்காத ஒரு மூடிய பெட்டி. அதற்குள் ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடையுள்ள மூளையும், அதைச் சுற்றிய நீரும், இரத்தமும் உள்ளன. புதிதாக இரத்தம் கசிந்து சேர்ந்தால் அதற்கு இடம் இல்லை. தொடக்கத்தில் மூளையைச் சுற்றியுள்ள நீர் சற்று விலகி இடம் கொடுக்கிறது. அந்த இடமும் தீர்ந்தபின் அழுத்தம் வேகமாக ஏறி மூளையை நெரிக்கிறது.

அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பதும் பிறகு திடீரெனச் சரிவதும் இதனால்தான். இடையில் உள்ள அந்த நல்ல நேரத்தை மருத்துவர்கள் 'இடைத்தெளிவு' என்ற பொருளில் குறிப்பிடுகின்றனர்.

இரத்தக் கசிவு முக்கியமாக மூன்று விதங்களில் நிகழ்கிறது. நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெலிதானது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் இத்தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே இரத்தம் சேரும். இது மணிக்கணக்கில் ஆளைக் கொல்லக்கூடியது. நேரத்தில் அறுவை செய்தால் முழுமையாகப் பிழைக்க வைக்கக்கூடியதும் இதுவே. இரண்டாவது, வெளியுறைக்குக் கீழே சிரைகள் கிழிந்து மூளையின் மேல் இரத்தம் பரவுவது. மூன்றாவது, முதியவர்களிடம் அதே இடத்தில் மிக மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் சேர்வது.

எகிப்தின் மூன்று தீர்ப்புகள்

தலைக்காயம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று எகிப்திலிருந்து கிடைத்துள்ளது. 1862இல் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரசுச் சுருளை வாங்கினார். அது ஏறக்குறைய கி.மு. 1600இல் படியெடுக்கப்பட்டது, அதன் மூலநூல் மேலும் பல நூற்றாண்டுகள் பழமையானது எனக் கருதப்படுகிறது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் என்ற அறிஞர் இதை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார்.

அச்சுருளில் 48 நோயாளிகளின் நிலை விவரிக்கப்பட்டுள்ளது. அவற்றில் முதல் 27 தலையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் மருத்துவர் காயத்தைத் தொட்டுப் பார்த்து மூன்று தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்கிறார். முதலாவது, குணப்படுத்தக்கூடியது, இரண்டாவது, போராடிப் பார்க்க வேண்டியது, மூன்றாவது, கைவைக்க இயலாதது.

இந்நூலின் எட்டாவது நோயாளி குறிப்பிடத்தக்கவர். அவருடைய தோலின் மேல் காயம் எதுவும் தெரியவில்லை. ஆனால் உள்ளே எலும்பு நொறுங்கியிருக்கிறது. ஒரு பக்கக் கண் கோணியிருக்கிறது, காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வெளியே காயமே இல்லாவிட்டாலும் உள்ளே பெருஞ்சேதம் இருக்கலாம், அது கண்ணிலும் நடையிலும் வெளிப்படும் என்பதை அந்த மருத்துவர் கண்டறிந்திருந்தார். வேறு சிலருக்கு மருந்து எதுவும் கொடுக்காமல், காயத்தின் காலம் கடக்கும்வரை ஓய்வில் வைத்துப் பார்த்திருக்குமாறு நூல் கூறுகிறது. இன்றைய மருத்துவமனைகளில் 'கண்காணிப்பில் வைத்தல்' எனப்படுவதன் முன்னோடி இது.

கிரேக்கமும் இந்தியாவும்

ஏறக்குறைய கி.மு. 400ஐச் சேர்ந்த, இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் தலைக்காயங்கள் பற்றிய நூல் மேலும் ஒரு படி முன்னே சென்றது. காயத்தைப் பார்ப்பதற்கு முன் நோயாளியிடம் கேள்வி கேட்குமாறு அது கூறுகிறது. எப்படி அடிபட்டது, எதனால் அடிபட்டது, அடிபட்டபோது திகைத்துப் போனாரா, கண் இருட்டியதா, தலை சுற்றி விழுந்தாரா என்று விசாரிக்க வேண்டும். இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் முதலில் கேட்பவை ஏறக்குறைய இவையே. தலையின் ஒரு பக்கத்தில் காயம் இருந்தால் உடலின் மறுபக்கத்தில் வலிப்பு வரலாம் என்பதும் அந்நூலில் உள்ளது. எலும்பைத் துளையிட வேண்டியிருந்தால் முதல் மூன்று நாள்களுக்குள் செய்ய வேண்டும், வெயில் காலத்தில் தாமதம் கூடவே கூடாது என்றும் அது எச்சரிக்கிறது.

இந்தியாவில் சுசுருத சம்ஹிதை உடலில் 107 மர்ம இடங்களைக் கணக்கிட்டது. அவற்றை அடிபட்டபின் உயிர் போகும் கால அளவைக் கொண்டும் வகைப்படுத்தியது. சில இடங்களில் பட்ட அடி ஏழு நாள்களுக்குள் கொல்லும்; வேறு சில இடங்களில் பட்டது பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்திற்குள் கொல்லும். நெற்றிப்பொட்டும் உச்சந்தலையும் விரைவில் கொல்லும் இடங்களின் பட்டியலில் உள்ளன. மெலிந்த எலும்பும் தமனியும் நெற்றிப்பொட்டில் அமைந்திருப்பதை நோக்கினால் இது நுட்பமான கவனிப்பு எனலாம். தமிழ்நாட்டின் வர்ம மரபும் 108 வர்மங்களைக் கூறி, அடிபட்டபின் எவ்வளவு காலத்திற்குள் இளக்குமுறை செய்ய வேண்டும் என்பதில் கவனம் செலுத்தியது. இம்மரபுகளின் சிகிச்சை முறைகள் வேறு. ஆயினும் தலைக்காயத்தில் காலம் முக்கியம் என்ற எண்ணம் அவற்றில் வேரூன்றியிருந்தது.

ஓர் அரசரின் மரணம்

1559ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று பாரீசு நகரில் நடந்த ஈட்டிப் போட்டி ஒன்றில் பிரான்சு மன்னர் இரண்டாம் ஹென்றி காயமுற்றார். எதிராளியின் ஈட்டி முறிந்து, அதன் சிம்பு அவருடைய கண்ணருகே பாய்ந்தது. அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரேயும், உடற்கூறியல் அறிஞர் வெசாலியசும் அவருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டனர். எனினும் ஜூலை 10 அன்று மன்னர் இறந்தார்.

இறந்தபின் செய்த ஆய்வில், அடிபட்ட இடத்திற்கு எதிர்ப்புறத்தில், தலையின் பின்பகுதியில் இரத்தம் சேர்ந்து மூளை கெட்டிருந்ததைக் கண்டனர். அங்கே எலும்பு உடையவில்லை. அடி விழுந்த பக்கத்தில் மட்டும் பார்த்துச் சேதத்தை மதிப்பிட முடியாது என்பதை ஐரோப்பிய மருத்துவ உலகம் இதன்மூலம் உணரத் தொடங்கியது.

எலும்பிலிருந்து மூளைக்கு

பதினெட்டாம் நூற்றாண்டு வரை மருத்துவர்களின் கவனம் பெரும்பாலும் எலும்பின்மீதே இருந்தது. எலும்பு உடைந்திருந்தால் ஆபத்து, உடையாவிட்டால் நலம் என்று எண்ணினர். இந்த எண்ணத்தை மாற்றியவர்களில் இருவர் முக்கியமானவர்கள்.

பாரீசைச் சேர்ந்த ழான் லூயி பெத்தி (1674–1750) நினைவிழத்தலை இரண்டாகப் பிரித்தார். அடிபட்ட கணத்திலேயே நினைவிழந்தால் அது மூளை அதிர்ச்சி. நினைவோடு இருந்து, பிறகு நினைவிழந்தால் அது உள்ளே இரத்தம் சேர்ந்து அழுத்துவதன் அடையாளம். முதல் வகையினர் பெரும்பாலும் தேறி வருவர். இரண்டாம் வகையினருக்கு உள்ளே சேர்ந்த இரத்தத்தை அகற்றினாலன்றி உயிர் தங்காது. நினைவிழத்தல் எப்போது நிகழ்ந்தது என்ற ஒற்றைத் தகவல் நோயின் தன்மையையே சொல்லிவிடும் என்பதை அவர் தெளிவாக்கினார்.

இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் பெர்சிவால் பாட் 1760இல் தலைக்காயங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். மயக்கம், வாந்தி, பிதற்றல் போன்ற அறிகுறிகள் எலும்பு முறிவால் வருவன அல்ல, மூளை பாதிக்கப்படுவதால் வருவன என்று அவர் வலியுறுத்தினார். எலும்பு முறிந்தும் நலமாக இருப்போர் உண்டு. எலும்பு முறியாமலே இறப்போரும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜொனாதன் ஹட்சின்சன், இரத்தம் சேர்ந்த பக்கத்துக் கண்ணின் பாவை விரிந்து நிற்பதை விளக்கினார். அழுத்தம் கண்ணுக்குச் செல்லும் நரம்பை நெரிப்பதே அதற்குக் காரணம். மருத்துவர் இன்றும் சிறு விளக்கால் கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பது இதற்காகத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஹார்வி குஷிங், மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது இரத்த அழுத்தம் உயர்ந்து நாடித்துடிப்பு குறைவதை நிறுவினார்.

1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-கதிர் பெரிய நம்பிக்கையை ஏற்படுத்தியது. ஆனால் அது எலும்பையே காட்டியது; மூளையையும் அதன்மேல் சேரும் இரத்தத்தையும் காட்டவில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு முறிவு இல்லை என்பதால் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதில் எப்போதும் ஓர் ஆபத்து இருந்தது.

முதியவர்களின் வாரக்கணக்கான கசிவு நீண்ட காலம் ஒரு சவ்வு அழற்சியாகக் கருதப்பட்டது. அறிஞர் விர்க்கோவும் 1857இல் அவ்வாறே விளக்கினார். 1914இல் இலண்டன் அறுவை மருத்துவர் வில்பிரட் டிராட்டர், நோயாளியே மறந்துபோன ஒரு சிறு அடிதான் இதன் தொடக்கம் என்று காட்டினார். இன்றும் பெரியவர் ஒருவர் திடீரெனத் தடுமாறி நடந்தாலோ, பேச்சு மாறினாலோ, 'வயதாகிவிட்டது' என்று குடும்பத்தார் விட்டுவிடுவதுண்டு. சில வாரங்களுக்கு முன் எங்கேனும் இடித்துக்கொண்டாரா என்று கேட்பது அவசியம்.

தலைக்கவசமும் தமிழ்நாட்டின் தொடக்கங்களும்

1935 மே 13 அன்று, 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மே 19 அன்று இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் 1973இல்தான் வந்தது.

இந்தியாவில் நரம்பியல் அறுவை மருத்துவம் தமிழ்நாட்டில்தான் வேர்விட்டது. கனடாவின் மான்ட்ரியாலில் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பா. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அவர் இங்கிலாந்தின் நியூகாசிலில், தலைக்காயங்கள் பற்றி நூல் எழுதிய ரௌபாத்தமிடம் பயிற்சி பெற்றவர். இவ்விருவரும் உள்ளிட்ட நால்வர் 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

வேலூரின் புகழ் கிரிக்கெட் வரலாற்றோடும் இணைந்துள்ளது. 1962 மார்ச்சில் பார்படோசு அணிக்கு எதிரான ஆட்டத்தில், இந்திய அணித் தலைவர் நாரி காண்ட்ராக்டரின் தலையில் சார்லி கிரிபித் வீசிய பந்து பட்டது. அக்காலத்தில் மட்டையாளர்கள் தலைக்கவசம் அணிவதில்லை. ஆடுகளத்தை விட்டு வெளியேறியபின் அவர் நிலை மோசமடைந்தது. அவசர அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினர். மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் பிராங்க் வொரல் அவருக்கு இரத்தம் கொடுத்தார். பின்னர் வேலூரில் சாண்டியின் மேற்பார்வையில் காண்ட்ராக்டரின் மண்டை ஓட்டில் உலோகத் தகடு பொருத்தப்பட்டது. அது 60 ஆண்டுகள் கழித்து 2022இல் மும்பையில் அகற்றப்பட்டது.

கிளாஸ்கோவின் கண்டுபிடிப்பு: பேசியவர்கள் ஏன் இறந்தனர்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1970களில் நடந்த ஆய்வுகள் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அதுவரை மருத்துவர்கள் 'அரை மயக்கம்', 'ஆழ்ந்த மயக்கம்' போன்ற சொற்களை அவரவர் விருப்பப்படி பயன்படுத்தினர். காலையில் ஒரு செவிலியர் எழுதியதையும் மாலையில் இன்னொருவர் எழுதியதையும் ஒப்பிட இயலவில்லை. நோயாளி தேறுகிறாரா, சரிகிறாரா என்பது தெரியாமல் போயிற்று.

1974இல் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் ஓர் எளிய அளவீட்டை வெளியிட்டனர். கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே கவனித்து மதிப்பெண் இடுவதே அதன் முறை. இன்று வழங்கும் வடிவில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். முழு நினைவுள்ளவர் 15 பெறுவார். மிகக் குறைந்த மதிப்பெண் 3. இந்த 'கிளாஸ்கோ கோமா அளவீடு' இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஒருமுறை எடுக்கும் மதிப்பெண்ணைக் காட்டிலும், மணிக்கு மணி அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பெரிதும் பயன்தரும் செய்தி.

அதே குழுவினர் மற்றொரு கேள்வியையும் எழுப்பினர். அடிபட்டபின் பேசியவரின் மூளை அந்த அடியால் அப்போதே அழிந்துவிடவில்லை என்று பொருள். அப்படியானால் அவர் ஏன் இறக்க வேண்டும்? அடிபட்டபின் பேசி, பிறகு இறந்த 116 பேரைப் பற்றிய ஆய்வு 1977இல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் மரணத்தில், தவிர்த்திருக்கக்கூடிய ஒரு காரணம் உறுதியாகப் பங்கு வகித்திருந்தது. உள்ளே சேர்ந்த இரத்தத்தை அகற்றுவதில் ஏற்பட்ட தாமதமே அவற்றுள் முதன்மையானது.

காலத்தின் மதிப்பை 1981இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு எண்களால் காட்டியது. மூளையின் மேல் இரத்தம் பரவி ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த 82 நோயாளிகளை அது ஆராய்ந்தது. அடிபட்ட 4 மணி நேரத்திற்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தனர். அதற்குப் பின் செய்யப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் இறந்தனர்.

சி.டி. ஸ்கேனும் அதன் விதிகளும்

1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. இக்கருவியை உருவாக்கியவர் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்பிரே ஹௌன்ஸ்பீல்டு. அவருக்கும், இதற்கான கணித அடிப்படையை அமைத்த ஆலன் கார்மாக்கிற்கும் 1979இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மண்டையைத் திறக்காமலே உள்ளே சேர்ந்த இரத்தத்தைப் பார்க்க முடிந்தது இதன் பிறகுதான்.

கருவி வந்ததும் புதிய கேள்வி எழுந்தது. தலையில் அடிபட்ட எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால் செலவும் கதிர்வீச்சும் கூடும். எடுக்காவிட்டால் சிலரைத் தவறவிட நேரும். யாருக்கு எடுப்பது? கனடாவின் 10 மருத்துவமனைகளில் 3,121 பேரிடம் செய்த ஆய்வின் அடிப்படையில், இயன் ஸ்டீல் குழுவினர் 2001இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டனர். சற்றேனும் நினைவிழந்தவர்கள், நடந்தது மறந்தவர்கள், குழம்பியவர்கள் ஆகியோரில் யாருக்கு ஸ்கேன் தேவை என்பதை அது கூறுகிறது. இரண்டு மணி நேரம் கழித்தும் நினைவு முழுமையாகத் திரும்பாமை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வாந்தி, 65 வயதும் அதற்கு மேலும், மண்டை ஓட்டு முறிவின் அறிகுறிகள், அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ மறந்துபோதல், வாகனம் மோதுதல், 3 அடிக்கு மேலிருந்தோ 5 படிகளிலிருந்தோ விழுதல் ஆகியவை அதில் இடம்பெற்றன.

குழந்தைகளுக்கான பெரிய ஆய்வு அமெரிக்காவில் 42,412 பேரிடம் நடந்து 2009இல் வெளிவந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நெற்றியில் புடைத்தால் ஆபத்து குறைவு. தலையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ புடைத்தால் கூடுதல் கவனம் தேவை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. 'குழந்தை வழக்கம்போல இல்லை' என்று பெற்றோர் சொல்வதும் அவ்விதிகளில் ஓர் அறிகுறியாகவே சேர்க்கப்பட்டது. தாயின் கவனிப்பு அறிவியல் விதியில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

அண்மைக்கால நிகழ்வுகள் மூன்று

நூல்களில் இருந்த அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவை சில துயர நிகழ்வுகளே.

1998 பிப்ரவரியில் டாக்காவில் நடந்த ஒரு சங்க ஆட்டத்தில், இந்திய வீரர் ராமன் லாம்பா மட்டையாளருக்கு மிக அருகில் தலைக்கவசமின்றி நின்று களத்தடுப்பில் ஈடுபட்டிருந்தார். வேகமாக அடிக்கப்பட்ட பந்து அவர் தலையில் பட்டது. அவர் எழுந்து உடைமாற்றும் அறைக்கு நடந்தே சென்றார். சற்று நேரத்தில் நிலை மோசமடைந்து நினைவிழந்தார். மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 23 அன்று, 38 வயதில் இறந்தார்.

2009 மார்ச் 16 அன்று ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். நலமாகப் பேசிக்கொண்டிருந்ததால் முதலில் வந்த ஆம்புலன்ஸ் திரும்பிச் சென்றது. பின்னர் தலைவலி ஏற்பட்டு நிலை சரிந்தது. மார்ச் 18 அன்று அவர் இறந்தார். எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையே சேர்ந்த இரத்தமே காரணம் என ஆய்வில் தெரிந்தது. பெத்தி விவரித்த இடைத்தெளிவு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் உயிரைப் பறித்தது.

மூன்றாவது நிகழ்வு நல்லபடியாக முடிந்தது. 2019 ஆகஸ்டில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியரான ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. மருத்துவச் சோதனைக்குப் பின் அவர் மீண்டும் வந்து ஆடினார். மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. உடனே ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன், டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்ச்சிக்கான முதல் மாற்று வீரரானார். முதல் சோதனையில் தேறியவரையும் மறுநாள் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை உலகம் அன்று நேரில் கண்டது.

இன்றைய அறிவுரை

மேற்கண்ட வரலாற்றின் பயனாக இன்று ஏற்கப்பட்டுள்ள அறிகுறிகளைக் கீழ்வருமாறு தொகுக்கலாம்.

உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய அறிகுறிகள்:

1. நினைவிழத்தல்; எழுப்பினால் எழ இயலாத தூக்கம்.
2. வலிப்பு.
3. குழப்பமான பேச்சு, நாக்குழறல், ஆளையும் இடத்தையும் அறியாமை.
4. கை அல்லது கால் வலுவிழத்தல், நடை தடுமாற்றம், பார்வை இரட்டையாகத் தெரிதல்.
5. காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல். அடிபடாமலே இரு கண்களைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கறுத்துப்போதல்.
6. மீண்டும் மீண்டும் வாந்தி; நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி.

நலமாகத் தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள்:

1. நினைவு சிறிது நேரமே தவறித் திரும்பியவர்கள். அடிபட்டதையோ அதற்கு முந்தையதையோ மறந்தவர்கள்.
2. 65 வயதைக் கடந்தவர்கள்.
3. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவர்கள்.
4. முன்பு மூளையில் அறுவை செய்துகொண்டவர்கள்.
5. உயரத்திலிருந்து விழுந்தவர்கள், வாகனம் மோதியவர்கள்.
6. கைக்குழந்தைகள்.
7. மது அருந்திய நிலையில் அடிபட்டவர்கள்.

கடைசியாகச் சொன்னது தனியே கவனிக்கத்தக்கது. போதையில் கிடக்கிறார் என்று கருதி விட்டுவிடப்பட்டவர்கள் மூளை இரத்தக் கசிவால் இறப்பது மருத்துவ நூல்கள் திரும்பத் திரும்பக் கூறும் எச்சரிக்கை.

இவை எதுவும் இல்லாதவர் வீட்டில் இருக்கலாம். ஆனால் முதல் 24 மணி நேரம் அவருடன் யாரேனும் இருக்க வேண்டும். அடுத்து வரும் நாள்களிலும் மேற்கண்ட அறிகுறிகள் எதுவும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வழக்கில் உள்ள சில நம்பிக்கைகள்

'இரத்தம் வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை' என்பது ஊர்களில் பரவலான நம்பிக்கை. தோலிலிருந்து வரும் இரத்தத்திற்கும் மண்டைக்குள் கசியும் இரத்தத்திற்கும் தொடர்பில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழலாம். அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்பதும் முழு உண்மையன்று. ஆபத்து அறிகுறி இல்லாதவர் தூங்கலாம்; எழுப்பினால் வழக்கம்போல எழுந்து பேசுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காயத்தில் காப்பித்தூள் அப்புவது தொற்றுக்கு வழிவகுக்கும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதே சரி. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். புடைப்பை அழுத்தித் தேய்ப்பதைவிடத் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடம் நல்லது.

தமிழ்நாட்டில் இன்றைய ஏற்பாடுகள்

அறிகுறி தெரிந்தும் கொண்டுசெல்ல வழியில்லாத நிலை முன்பு இருந்தது. 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றுவோரைக் காவல் விசாரணையால் அலைக்கழிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலு அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்பது இதன் நோக்கம்.

எகிப்திய மருத்துவர் காயத்தைத் தொட்டுப் பார்த்து அப்போதே தீர்ப்புச் சொன்னார். பெத்தியும் கிளாஸ்கோ மருத்துவர்களும் காயம்பட்டவரைத் தொடர்ந்து பார்த்திருந்து முடிவு செய்யக் கற்பித்தனர். அந்தக் கவனிப்பு மருத்துவமனைக்கு முன்பே, அடிபட்டவரின் வீட்டிலும் பள்ளியிலும் விளையாட்டு மைதானத்திலும் தொடங்குகிறது. உடனிருப்பவர், அடிபட்டவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்ன நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று மீண்டும் பார்ப்பது அதன் முதல் படி.